தம்புராவை இரைச்சல் என்று நினைக்கும் செயலி

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஆண்டுக்கு இரண்டு பெருவிழாக்கள். ஒன்று மார்ச்சில், மற்றது யூலை முடிந்து ஓகஸ்ட் பிறக்கும் நாள்களில். 1843இல் கட்டி முடிந்த ஆலயத்தைச் சுற்றியுள்ள மணல்வெளி அப்போது கூடாரங்களால் நிறைந்துவிடும். சிங்களமும் தமிழும் மாறி மாறி ஒலிபெருக்கியில் செபமாகவும் பாட்டாகவும் வரும். இந்தக் கரையோரத்துக் கோயில்களில் பாடகர் குழு என்றால் நடுவில் ஒரு கீபோர்ட் இல்லாமல் இராது. பாட்டு எட்டாத சுருதியில் தொடங்கிவிட்டால் வாசிப்பவர் ‘ட்ரான்ஸ்போஸ்’ பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார். விரல்கள் பழகிய கட்டையிலேயே நிற்கும், சுருதி மட்டும் இறங்கிவிடும். இதை அவருக்கு எந்தக் கல்வியியற் கல்லூரியும் கற்றுக்கொடுக்கவில்லை. தேவை வந்தது, கை பழகியது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துச் சங்கீத அறையில் கதை தலைகீழ். அங்கே பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு, சில இடங்களில் ஸ்மார்ட் பலகையும் உண்டு. ஆனால் பாட வேளை நாற்பது நிமிடத்தில் நடப்பது பழையபடி ஆசிரியர் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடுவதுதான். இதற்கு ஆசிரியர்களின் சோம்பல் காரணம் என்று சொல்வது எளிது. நியாயம் அல்ல. அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியைப் பார்த்தாலே காரணம் புரியும். கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரே மண்டபத்தில் இருந்து பவர்பொயின்ட் செய்யப் படிக்கிறார்கள். முடியும்போது எல்லோரும் ஒன்றாகப் படம்பிடித்துக்கொள்கிறார்கள். கருவியை எப்படி இயக்குவது என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். கருவி சொல்வதை எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. மற்றப் பாடங்களுக்கு எப்படியோ, சங்கீதத்துக்கு இந்த இரண்டாவது அறிவுதான் முதலில் வேண்டும்.

கல்வி ஆய்வாளர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரு பாடத்தை அறிந்திருப்பதும் அதைக் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் வெவ்வேறு; இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று ஆசிரியரிடம் உண்டு என்று லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். இருபது ஆண்டு கழித்து, 2006இல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஷ்ராவும் மத்யூ கோலரும் அதனுடன் தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். பாடம், கற்பித்தல், கருவி மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் பயன் பிறக்கும், கருவியைத் தனியே கற்பித்தால் அது தனியாகவே கிடக்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஆசிரியப் பயிற்சி நூல்களில் ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களாக இது வரையப்பட்டிருக்கும். வட்டங்களைப் பார்த்து மனனம் செய்துவிட்டு, அடுத்த செயலமர்வையும் பவர்பொயின்டிலேயே நடத்துகிறோம்.

கர்நாடக சங்கீதத்தில் அந்த மூன்றும் தொடும் இடம் எது? முதலில் சுருதி.

எந்த வகுப்பறையிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கீபோர்டும் ஒரு கைபேசியும் போதும். கீபோர்டில் ஓர்கன் ஒலியைத் தெரிவுசெய்து, ஐந்தாம் கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ஸ்தாயியில் அது 196 ஹேர்ட்ஸ். இந்த ஸட்ஜத்துக்கு அந்தர காந்தாரம் ஏழாம் கட்டையில் விழும். கீபோர்ட் தரும் ஏழாம் கட்டை ஏறத்தாழ 246.9 ஹேர்ட்ஸ். ஆனால் தம்புராவோடு காது இயல்பாகச் சேர்ந்து நிற்கும் காந்தாரம் ஸட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் இருப்பது, அதாவது 245 ஹேர்ட்ஸ். கைபேசியில் ஒலியலை உருவாக்கும் இலவசச் செயலி ஒன்றில் 245 என்று இட்டு, அதே நேரம் ஏழாம் கட்டையை அழுத்திப் பிடியுங்கள். ஒலி பெருகித் தணிந்து, பெருகித் தணிந்து, விநாடிக்கு இரண்டு தடவை அலையடிக்கும். உயர்தரப் பௌதிகத்தில் ‘அடிப்பு’ என்று படிப்பது இதைத்தான். பஞ்சமத்தில் இதே சோதனையைச் செய்தால் மூன்று விநாடிக்கு ஒரு தடவைதான் அலை வரும். அந்தச் சுரத்தில் கீபோர்டும் தம்புராவும் கிட்டத்தட்ட உடன்படுகின்றன.

இந்த இரண்டு ஹேர்ட்ஸால் என்ன குடிமுழுகிவிடப்போகிறது என்று கேட்கலாம். கைபேசியில் சுருதி காட்டும் செயலிகள் பெரும்பாலும் கீபோர்டின் அளவுகோலில், அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டிய அளவுகோலில், இயங்குபவை. ஒவ்வொரு பாகத்தையும் நூறு ‘சென்ட்’ ஆக அவை பிரிக்கும். அந்த அளவில் காந்தாரம் 400இல் இருக்க வேண்டும். தம்புராவைக் காதால் கேட்டு ஒழுங்காகப் பாடும் பிள்ளையின் காந்தாரம் 386இல் நிற்கும். செயலியின் முள் இடப்பக்கம் சாய்ந்து, சுரம் குறைகிறது என்று சிவப்பு காட்டும். பிள்ளை சரி, செயலிதான் பிழை. இது தெரியாத ஆசிரியர் பிள்ளையைத் திருத்துவார். பிள்ளையும் காதை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்துப் பாடப் பழகும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கும் வயதில் இந்தப் பழக்கம் விழுந்தால் பிறகு எடுப்பது கடினம்.

இப்படிக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1947இல் கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்ட அவருடைய யாழ்நூலில் பாதி இலக்கியம் என்றால் பாதி கணக்கு. நரம்பின் நீளம், விகிதம், சுருதிகளின் அளவு என்று பக்கம் பக்கமாகப் போகும். அவர் பெயரில் மட்டக்களப்பில் அழகியற் கற்கைகள் நிறுவகமே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கணக்கைக் கைபேசியோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் ஒரு பாட வேளையை ஆசிரியப் பயிற்சியில் சேர்க்க நமக்குத் தோன்றவில்லை. கீபோர்டின் அளவுகோலையே கொண்ட ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் ஒலிபரப்பிலிருந்து விலக்கி, 1971இல்தான் தடையைத் தளர்த்தத் தொடங்கியது. அந்தச் சண்டையின் ஒரு பக்கம் தேசியம், மறுபக்கம் இதே காந்தாரம்.

சுத்தமான விகிதமே சட்டம் என்னும் கட்சியும் இங்கே வெல்லவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஷேவியர் செரா தலைமையில் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் 2017 வரை நடத்திய ‘கொம்ப்மியூசிக்’ ஆய்வுத் திட்டத்தில், சென்னை ஐஐடியும் பங்கெடுக்க, கர்நாடக சங்கீத ஒலிப்பதிவுகளைக் கணினியில் அளந்தார்கள். கமகத்தோடு பாடும் சுரங்கள் வரைபடத்தில் புள்ளிகளாக விழவில்லை. அகன்ற மேடுகளாக எழுந்தன. தோடி இராகத்தின் காந்தாரத்தை எந்த எண்ணிலும் கட்டிவைக்க முடியாது. 386 என்பதும் சட்டம் அல்ல. அசையாமல் நிற்கும் சுரத்துக்கு அது ஒரு படி. இதை உணரவும் ஆசிரியருக்குக் கருவிதான் உதவும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் ‘சொனிக் விஷுவலைசர்’ மென்பொருளில் ஒரு பழைய தோடியைப் போட்டு, சுரத்தின் பாதை வளைந்து ஏறி இறங்குவதை ஒருமுறை கண்ணால் பார்த்த ஆசிரியர், முள் காட்டும் செயலியைப் பிறகு பிள்ளையின் கையில் கொடுக்க யோசிப்பார்.

இணையவழி வகுப்பு அடுத்த விடயம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது சங்கீத ஆசிரியர்களும் சூமுக்கும் வாட்ஸப்புக்கும் போனார்கள். புலம்பெயர் தமிழர் வீடுகளுக்கு இது பழைய சங்கதி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள் சென்னை ஆசிரியர்களிடம் ஸ்கைப்பில் படிக்கத் தொடங்கி அதற்குள் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. எங்கள் கரையோரப் பள்ளிகளில் அது ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் அப்போது எல்லாக் குறையையும் போட்டு மூடினோம். சிக்னல் முழுதாக இருந்தாலும் தீராத குறைகள் இரண்டு உண்டு.

காணொளி அழைப்புச் செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்தவை. பேச்சு விட்டு விட்டு வரும். மின்விசிறியின் ஓசையோ விடாமல் ஒரே சீராக இருக்கும். ஆகவே விடாமல் ஒரே சீராக வருவதை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். தம்புராவின் வேலையே விடாமல் ஒரே சீராக ஒலிப்பதுதான். ஆசிரியர் தன் பக்கத்தில் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுப் பாடுவார். மறுமுனையில் பிள்ளைக்கு முதல் சில விநாடி தம்புரா கேட்கும். பிறகு மெல்லத் தேய்ந்து இல்லாமல் போகும். ஆசிரியர் சுருதியோடு பாடுகிறார், பிள்ளை வெறும் வெளியில் கேட்கிறது. சூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் இந்த வெட்டல் நின்றுவிடும். அல்லது சுருதிப்பெட்டியைப் பிள்ளையின் வீட்டில், பிள்ளையின் பக்கத்தில் ஒலிக்க விடலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், அது டேட்டாவையும் தின்னாது. பெங்களூரில் ஜி. ராஜ்நாராயண் 1970களின் இறுதியில் செய்த மின்தம்புரா அக்காலத்தில் வாங்கி வைக்க வேண்டிய பொருள். இன்று அந்த வேலையை இலவசச் செயலி செய்கிறது. பயிற்சியில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லாததால் எத்தனை பிள்ளைகள் மாதக்கணக்கில் சுருதி இல்லாமல் படித்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மற்றக் குறை காலத்தைப் பற்றியது, அதற்கு அமைப்பு எதுவும் இல்லை. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீற்றர் போகும். சேர்ந்து வாசிப்பவர்களுக்கிடையே 25, 30 மில்லிவிநாடிக்கு மேல் தாமதம் விழுந்தால் தாளம் இழுபடத் தொடங்கும். மேடையில் பத்து மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமம் அது. சாதாரணக் காணொளி அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், பிள்ளை ஐம்பது மீற்றருக்கு அப்பால் நிற்கிறது. போய்வர 300. ஆதி தாளத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு விநாடி எடுத்து வரிசை பாடினால், முதற்காலத்தில் சுரம் ஒன்றுக்கு 1000 மில்லிவிநாடி, இரண்டாங்காலத்தில் 500, மூன்றாங்காலத்தில் 250. மூன்றாங்காலத்தில் பிள்ளை சரியாகவே பாடினாலும் ஆசிரியரின் காதில் ஒரு சுரத்துக்கும் மேல் பிந்தித்தான் வந்து விழும். ‘காலத்தைப் பிடி, காலத்தைப் பிடி’ என்று அதட்டிப் பயன் இல்லை. தாமதத்தைக் குறைக்க ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ் சேஃப் குழுவினர் உருவாக்கிய ‘ஜாக்ட்ரிப்’ போன்றவை உண்டு. அவை கம்பி இணைப்பையும் நல்ல வேகத்தையும் கேட்பவை. கற்பிட்டிக் குடாநாட்டு வீட்டுக்கு அது இன்று ஆகாது. இணையத்தில் சேர்ந்து பாடாதே, பிள்ளை தன் வீட்டில் தாளம் போட்டுப் பாடிப் பதிவுசெய்து அனுப்பட்டும், நீ கேட்டுத் திருத்து என்பதே ஆசிரியர் அறிய வேண்டிய முடிவு. அப்போதும் வாட்ஸப் குரல்பதிவாக அனுப்பினால் அது பேச்சுக்கென்று சுருங்கிவிடும், தம்புரா ஜீவாளியின் மினுக்கம் முதலில் சாகும். கோப்பாக, ‘டொக்யூமென்ட்’ வழியில் அனுப்பினால் பதிவு அப்படியே போய்ச்சேரும்.

பதிவு என்று வந்ததும் நான் உண்மையில் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். நம் பயிற்சிகளில் தொழில்நுட்பம் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. யூடியூப்பில் ஒரு கச்சேரி, புரொஜெக்டரில் ஒரு படம், பிள்ளைகள் பார்வையாளர்கள். கைபேசியின் ஒலிவாங்கியை மறுபக்கம் திருப்பினால் இந்தக் கரையில் கிடைக்கும் பாட்டுக்கு அளவில்லை.

தெற்கே உடப்பில் கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாடல்கள் இருக்கின்றன. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் இழுவைக்கு இசைய முடிக்கும் பாட்டு அது. வலையின் பாரம் கூடும்போது காலப்பிரமாணம் தானாக மாறும். லயம் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதி விளக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் பாடும் பசாம் இருக்கிறது. கோவாவில் பிறந்து 1705இல் இலங்கை வந்து, 1742இல் போலவத்தையில் இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் பெரிய வியாழன், பெரிய வெள்ளியில் இன்றும் பாடப்படுகிறது. அதன் இழுவையை எந்த இராகத்தில் அடக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தால் ஒரு தவணைக்குப் போதும். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் காப்பிரியர் சமூகத்தவர் பாடும் மஞ்சா உண்டு. போர்த்துக்கேயக் கிரியோல் சொற்கள், ஆபிரிக்க வழித் தாளம், கரண்டியும் சிரட்டையும் போத்தலும்கூட அதில் வாத்தியம். அந்த மொழியைப் பேசுவோர் அருகிவிட்டார்கள், பாட்டு மட்டும் ஆட்டத்தோடு தங்கியிருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம், கர்நாடக சங்கீதம் என்று மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறோம். மஞ்சா மூன்றுக்குள்ளும் போகாது.

இவற்றை ஆவணப்படுத்தப் பல்கலைக்கழகம் வரட்டும் என்று காத்திருப்பதைவிட, பிள்ளைகளையே அனுப்பிப் பதிவுசெய்து வரச் சொல்லலாம். இசையை ஒலிப்பதிவிலிருந்து காதால் கேட்டுத் தாமே பிடித்துக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி லண்டனில் லூசி கிரீன் 2002இல் ஒரு நூல் எழுதினார். அந்த வழியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தும் பார்த்தார். நம் குருகுல மரபுக்கும் அதற்கும் வெகுதூரம் இல்லை. எழுதி வைத்துப் படிப்பதற்கு முன்னால் கேட்டுப் பிடிப்பதுதான் இரண்டிலும். பிள்ளை தன் பாட்டியின் பசாமைப் பதிந்து வந்து, ‘ஓடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கி, சுரப்படுத்த முயலட்டும். முதல் வரியிலேயே தடுக்கும். எந்தச் சுரம் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். கேள்வி ஞானம் வளர்வது அந்தச் சண்டையில்.

பதிவுசெய்வதிலும் கற்க வேண்டிய தொழில் இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் தலவிலக் கரையில் கைபேசியை நீட்டினால் காற்று மட்டுமே பதிவாகும். சுவர் மறைவில் நின்று, ஒலிவாங்கித் துளையை மெல்லிய துணியால் மூட வேண்டும். விமானப் பயன்முறைக்கு மாற்றாவிட்டால் நடுப்பாட்டில் யாராவது அழைப்பார்கள். கைபேசிகள் மெல்லிய ஒலியைத் தாமே தூக்கி, பெரிய ஒலியைத் தாமே அமுக்கும். மேளம் சேரும் இடத்தில் பாடுபவரின் குரல் திடீரென்று உள்ளே போவது அதனால்தான். மேளத்திலிருந்து விலகி, பாடுபவருக்கு ஒரு முழம் அருகில் வைத்தால் ஓரளவு சரிவரும். பாடியவர் யார், எந்த ஊர், என்ன நாள் என்பதைப் பதிவின் தொடக்கத்தில் குரலிலேயே சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறிப்போகும், குரல் மாறாது. பாடியவரின் சம்மதம் இல்லாமல் முகநூலில் போடக்கூடாது என்பதையும் இதே வரிசையில்தான் வைப்பேன். மன்றாட்டுப் பாட்டு விருப்பக்குறி வாங்குவதற்கல்ல.

எதிர்வாதங்கள் தெரியாமல் இல்லை. மின்சாரம் ஒன்று. 2022 மார்ச் இறுதியில் நாடு நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. 900 மெகாவாற் நுரைச்சோலை அனல்மின் நிலையம் தலவிலவுக்குப் பக்கத்தில் நின்றும் பயனில்லை. ஆகவே புரொஜெக்டரை நம்பிய பாடம் அன்று படுத்துவிட்டது. கைபேசியை நம்பிய பாடம் பற்றரி உள்ளவரை ஓடியிருக்கும். பரீட்சை வேறொரு தடை. கேட்கிற கேள்வி மாறாதவரை ஆசிரியர் மாறமாட்டார், மாறச் சொல்வதும் அநியாயம். ஆனால் தரம் 6 முதல் 9 வரை அழகியற் பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். பொதுப் பரீட்சையின் நிழல் விழாத அந்த நான்கு ஆண்டுகளில் இதற்கு இடமிருக்கிறது.

எனக்கு உண்மையான பயம் வேறு. சங்கீத ஆசிரியர் வெற்றிடம் உள்ள பள்ளிக்கு ஒரு காணொளித் தொகுப்பை அனுப்பிவிட்டு வெற்றிடம் நிரம்பியது என்று எழுதிக்கொள்ளும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும். மேலே சொன்ன ஒவ்வொன்றும், 14 சென்ட் வித்தியாசம், தேயும் தம்புரா, பிந்தி வரும் சுரம், யாவும் அதற்கு எதிர்ச்சாட்சி. கருவி பிழைவிடும் இடத்தைக் கண்டுபிடிக்க அறையில் பயிற்சி பெற்ற ஒரு காது வேண்டும். கருவி கூடக் கூட அந்தக் காதின் தேவையும் கூடும்.

அதனால் பயிற்சியை ஊரோடு சேர்த்து வைக்க வேண்டும். மகரகமயில் தேசிய கல்வி நிறுவகம் 1985இல் தொடங்கிய காலம்தொட்டு, தலைநகரில் தயாரித்து மாவட்டங்களுக்கு இறக்கும் முறைதான் வழக்கம். மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்திலோ மட்டக்களப்பிலோ பட்டம் பெற்றவரிடமும், வட இலங்கை சங்கீத சபையில் கலாவித்தகர் வரை முடித்தவரிடமும் இசையறிவுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு மீண்டும் மடிக்கணினி திறக்கக் கற்றுக்கொடுப்பது அவமதிப்பு. புத்தளம் வலயத்தின் சங்கீத ஆசிரியர்களை மட்டும், எந்த மொழிமூலமானாலும் ஒன்றாகக் கூட்டி, ஒரு தவணைக்கு மாதம் ஒரு சனிக்கிழமை என்று வைக்கலாம். முதல் சனி அடிப்புச் சோதனைக்கு. இரண்டாவது சனி உடப்பிலோ தலவிலவிலோ பதிவுக்கு. அதற்கப்பால் அவர்களே தீர்மானிக்கட்டும். சான்றிதழ் தருவதானால் நிபந்தனை ஒன்று போதும்: தன் வகுப்புப் பிள்ளை பாடிய மூன்று நிமிடப் பதிவு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் செயலி பிழை என்று காட்டிய இடங்களில் எது பிள்ளையின் பிழை, எது செயலியின் பிழை என்று ஆசிரியர் எழுதித் தர வேண்டும். அடுத்த தவணையில் ஆசிரிய ஆலோசகர் அந்தப் பள்ளிக்குப் போய், அதே பிள்ளையைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையொப்பமிடலாம்.